தொலைநிலை அறிவியல் வகுப்பு: இலவச இணைய மாநாட்டில் எதைப் பார்ப்பது?

யீஷூன் ஆசிரியை:
வணக்கம். அறிவியல் ஆசிரியர்களுக்கு இணையத்தில் இலவச மாநாடு ஒன்று வருகிறது, தொலைநிலையில் அறிவியல் சொல்லித்தருவதுதான் தலைப்பே. பதிந்துவிட்டேன். ஆனால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை என்றால் சிங்கப்பூரில் நமக்கு இரவு, மறுநாள் பள்ளி வேறு, ஒரே நேரத்தில் பல அமர்வுகளும் ஓடுகின்றன. நான் உயர்நிலை 2 எடுக்கிறேன். வீட்டிலிருந்து கற்கும் நாட்களில் பிள்ளைகள் எஸ்எல்எஸ் இணையக் கற்றல் தளத்தில் காணொளி பார்த்து விடை போடுகிறார்கள், கையால் எதையும் தொட்டுப் பார்ப்பதே இல்லை. அதுதான் என் கவலை. எந்த அமர்வுக்கு விழித்திருக்கலாம்?

தெம்பனிஸ்வாசி:
டீச்சர், அமர்வுகளின் ஒளிப்பதிவு பிறகு கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். கிடைத்தால் ஒன்றிரண்டை மட்டும் நேரலையில் பாருங்கள். அமர்வு முடிந்து நீங்கள் வகுப்புக்குப் போனால், பிள்ளை தானே அளந்த ஓர் எண் அவன் நோட்டில் ஏறுமா? ஏறாது என்றால் விட்டுவிடுங்கள். புதுச் செயலியைக் காட்டும் அமர்வுகளை நான் தொடவே மாட்டேன்.

உட்லண்ட்ஸ் துணைப்பாட ஆசிரியர்:
அப்படி ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். நோபெல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) கணினிப் பாவனைகளை எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான், கம்பிக்குள் எலக்ட்ரான் ஓடுவதை எந்த ஆய்வுக்கூடத்திலும் அப்படிப் பார்க்க முடியாது.

தெம்பனிஸ்வாசி:
சரி, ஒப்புக்கொள்கிறேன் சார், விளக்குவதற்கு அது அருமை. ஆனால் அதில் ஒரே மின்சுற்றை அமைத்தால் எல்லாருக்கும் ஒரே அளவுதான் வரும், அளவீட்டுப் பிழையைப் பற்றிப் பேச இடமே இல்லை.

டீச்சர், இதைச் செய்து பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே வெயில் படும் இடத்தில் ஒரு குச்சியை நேராக நிறுத்தி, 12.30 முதல் 1.30 வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளக்கச் சொல்லுங்கள் (சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்). 12 மணிக்கு நிழல் மிகக் குறுகியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், இங்கே அது ஏறக்குறைய 1 மணிக்குத்தான். நாம் இருப்பது கிழக்கு தீர்க்கரேகை 104 பாகையை ஒட்டி, கடிகாரமோ 1982 முதல் 120 பாகைக்கு உரிய நேரத்தில் ஓடுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம், கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். தெம்பனிஸ் பிள்ளைக்கும் ஜூரோங் பிள்ளைக்கும் அளவு கொஞ்சம் மாறும், ஏன் என்று அவர்களையே வாதாட விடுங்கள்.

யீஷூன் ஆசிரியை:
அடுத்த முறை இதையே கொடுக்கிறேன். மழை பெய்தால்?

உட்லண்ட்ஸ் துணைப்பாட ஆசிரியர்:
ஃபைஃபாக்ஸ் (phyphox) செயலி, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்துடையது, இலவசம். கைத்தொலைபேசியின் உணரிகளை வைத்தே ஊசல் அலைவை வீட்டுக்குள் அளக்கலாம். மாநாட்டில் அதற்கு அமர்வு இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.