கொழும்பில் ஓட்டின கையும் பனி றோட்டும்: புதிதாய்ப் போனவர்களுக்கு

பின்னேரம் ஐந்து மணிக்குக் காலி வீதியில் ஒரு கீறலும் விழாமல் கார் ஓட்டுகிறவனுக்கு உலகத்தில் எந்த றோட்டும் பயமில்லை என்று எங்கள் ஆட்கள் பெருமையாய்ச் சொல்வார்கள். அரைவாசி உண்மை. ஓட்டோ சொல்லாமல் கொள்ளாமல் திரும்பும், பஸ் நடு றோட்டில் நின்று ஆள் ஏற்றும். கண் கண்ட உடனே கால் பிறேக்குக்குப் போய்விடும், கை ஸ்ரியறிங்கை ஒரு வெட்டு வெட்டும். அந்தக் கெதிதான் கொழும்பில் எங்களைக் காப்பாற்றுகிறது. பனி கொட்டின றோட்டில் அதே கெதி காரைக் கானுக்குள் இறக்கிவிடும். அங்கே பிறேக், ஸ்ரியறிங், அக்சிலேற்றர் மூன்றையும் மெல்லமாய்த்தான் தொடவேணும். மெல்லமாய்த் தொடவேணுமென்றால் முன்னுக்கே யோசித்திருக்கவேணும்.

நான் கனகாலம் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் இருந்துவிட்டு இப்போது வெள்ளவத்தைக்கே வந்துவிட்டேன். கார்த்திகை பிறந்தால் எங்கள் தொடர்மாடியில் யாராவது வந்து, "அண்ணை, மகன் அங்கே கார் வாங்கிவிட்டான், ஒருக்கால் அவனோடு கதையுங்கோ" என்று போனைக் கையில் தருவார்கள். எல்லாருக்கும் சொல்லுகிறதை இங்கே ஒரேயடியாய் எழுதிவிடுகிறேன். கூடுதலாக ஒன்ராறியோக் கதைதான். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் சட்டத்தை மட்டும் தங்கள் இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், மற்றது எல்லாம் ஒன்றுதான்.

முதல் விஷயம் ரயர். காசு மட்டாய் இருக்கிற முதல் வருஷத்தில் "ஆல் சீசன் ரயர் போதும்" என்று கனபேர் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால், காரை ஒரு படி மலிவாய் வாங்கி விண்டர் ரயரைப் போடுங்கள் என்பேன். குளிர் 7 பாகைக்குக் கீழே போகத் தொடங்கினால் சாதாரண ரயரின் ரப்பர் விறைக்கும், விறைத்த ரப்பர் றோட்டைப் பிடிக்காது. பனி விழுகிறதோ இல்லையோ, குளிரே போதும். விண்டர் ரயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கிற மாதிரிச் செய்தது. ரயரின் பக்கவாட்டில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட அடையாளம் இருக்கவேணும். வெறுமனே 'எம் பிளஸ் எஸ்' என்று மட்டும் இருந்தால் அது அந்தச் சோதனைக்குப் போகாத ரயராயும் இருக்கலாம்.

பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமான் பார்த்து வாங்கிப் பழகினவர்களுக்கு இது புதிதில்லை: பழைய ரயர் வாங்குவதென்றால் 'டொட்' (DOT) என்ற எழுத்துக்களோடு வருகிற இலக்கத்தின் கடைசி நாலைப் பாருங்கள். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. ரயரின் பட்டன், அதாவது மேலே வெட்டியிருக்கிற வரிகளின் ஆழம், எவ்வளவு இருக்கிறது என்பதையும் பாருங்கள். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பனிக்கு வேலைக்காகாது. போட்டால் நாலு சில்லுக்கும் போடவேணும். முன்னுக்கு மட்டும் இரண்டு போட்டால் முன்பக்கம் பிடிக்கும், வளைவில் பின்பக்கம் வீசி எறியும். அது ஒன்றுமே போடாததை விடக் கரைச்சல்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பக்க ஹைவேக்களில் ஒக்ரோபர் 1இலிருந்தே கேட்பார்கள். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016இலிருந்து, விண்டர் ரயர் போட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பனி தள்ளுபடி தரவேணும் என்று விதி இருக்கிறது. தானாய்த் தரமாட்டார்கள், போன் எடுத்துக் கேளுங்கள். காற்றையும் பாருங்கள். 10 பாகை குறைந்தால் ரயரில் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. காற்று இறங்கும்.

அடுத்தது, எந்த நாளுக்குப் பயப்படுவது என்பது. ஊரிலிருந்து போனவர்கள் வெள்ளையாய்க் கொட்டுகிற நாளைப் பார்த்துத்தான் நடுங்குவார்கள். அன்றைக்கு எல்லாரும் மெல்லமாய்ப் போவார்கள், நீங்களும் போவீர்கள். ஆளைக் கவிழ்க்கிற நாள் வேறு. இரவு ஒரு தூறல் தூறி, விடிய வானம் வெளித்து, குளிர் பூச்சியத்தைச் சுற்றி நிற்கும். றோட்டு வெறும் ஈரமாய்த் தெரியும். அதுதான் பிளாக் ஐஸ். கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ், அடியில் உள்ள தாரின் கறுப்பு அப்படியே தெரியும். இன்னொன்று, கழித்தல் 15இல் இருக்கிற ஐஸை விடப் பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கிற ஐஸ் கூட வழுக்கும், மேலே ஒரு நீர்ப் படலம் இருப்பதால்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுகிறேன். முன்னால் போகிற காரின் பின்சில்லைப் பாருங்கள். றோட்டு ஈரமாய்த் தெரிகிறது, ஆனால் சில்லிலிருந்து தண்ணீர் சிதறவில்லை என்றால் அது ஈரமில்லை, ஐஸ். காதுக்கும் தெரியும். அதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்த ரயர்ச் சத்தம் திடீரென்று அடங்கிவிடும், ஸ்ரியறிங் பாரமில்லாமல் லேசாகும். அந்த நேரம் ஒன்றும் செய்யக்கூடாது. காலை அக்சிலேற்றரிலிருந்து மெல்ல எடுத்து, ஸ்ரியறிங்கை நேரே பிடித்துக்கொண்டு அந்தத் துண்டைக் கடந்துவிடுங்கள். பாலத்திலும் மேம்பாலத்திலும் மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் மற்ற றோட்டுக்கு முன்னமே அங்கே உறையும். ஹைவேக்கு ஏறுகிற வளைவுப் பாலங்களில் வலு கவனம்.

உப்புப் போட்டிருக்கிறார்களே என்று நம்பி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். கழித்தல் 10க்குக் கீழே போகப் போக உப்பின் வேலை குறைந்துகொண்டே போகும். அந்த உப்பு காரின் அடித்தகட்டையும் அரிக்கும், அதனால் இடைக்கிடை அடிப்பக்கம் கழுவிவிடுங்கள்.

இனிப் பிறேக். காய்ந்த றோட்டில் நிற்கிற தூரத்தைப் போல ஐஸில் பத்து மடங்கு வரை போகலாம். கொழும்பில் முன் காருக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு மோட்டார்சைக்கிள் புகுகிற அளவு இடைவெளி விட்டாலே பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடிப்பான். அங்கே பனியில் முன் கார் ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் செக்கன் எண்ணத் தொடங்குங்கள், எட்டு, பத்து எண்ணின பிறகுதான் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வரவேணும். இடையில் யாராவது புகுந்தால் புகட்டும், திரும்பவும் இடைவெளி விடுங்கள். சிவப்பு லைற்றைத் தூரத்தில் கண்டவுடனே காலை எடுங்கள். ஏ.பி.எஸ். (பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் பார்க்கிற அமைப்பு) உள்ள காரில் பிறேக்கை அமத்தும்போது பெடல் காலுக்குள் கடகடவென்று உதறும், ஒரு அரைக்கிற சத்தமும் வரும். அது பழுதில்லை. பயந்து காலை எடுக்கவேண்டாம், விட்டுவிட்டு அமத்தவும் வேண்டாம். ஒரே இறுக்காய் அமத்திக்கொண்டு ஸ்ரியறிங்கைத் திருப்புங்கள், அதுக்குத்தான் ஏ.பி.எஸ். இருக்கிறது.

பின்பக்கம் சறுக்கினால் அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்ரியறிங்கையும் திருப்பவேணும். சொல்ல லேசு, செய்ய லேசில்லை. கண்ணைப் போகவேண்டிய இடத்தில் வைத்தால் கை தன்பாட்டில் திரும்பும். மோதப்போகிற மரத்தைப் பார்த்தால் மரத்துக்குத்தான் போவீர்கள். முன்பக்கம் வழுக்கினால், திருப்பியும் கார் திரும்பாமல் நேரே போகும். அப்போது இன்னும் இன்னும் திருப்பாமல் காலை எடுத்து, ஸ்ரியறிங்கைக் கொஞ்சம் இளக்குங்கள், சில்லு பிடிக்கும். முதல் பனி விழுந்த கிழமை, ஒரு காலியான கார் பார்க்கில், அனுமதி கேட்டுக்கொண்டு, மெல்லமாய் ஓடி வேண்டுமென்றே பிறேக் அடித்துப் பாருங்கள். அந்த உதறலும் சறுக்கலும் ஹைவேயில் முதல் முதலாக வரக்கூடாது.

இறக்கத்துக்குக் கண்டி றோட்டில் படித்ததையே செய்யலாம். கடுகண்ணாவை இறக்கத்தில் சின்னக் கியரில் விட்டு இறங்குகிற மாதிரித்தான், ஆனால் கியரை இறக்கத்துக்கு முன்னமே மாற்றுங்கள். வேகத்தைத் தானாய்ப் பிடித்து வைக்கிற குரூஸ் கன்ட்ரோல் பனியில் வேண்டவே வேண்டாம்.

காலையில் காரைத் துப்புரவாக்கப் பத்து நிமிஷம் முந்தி எழும்புங்கள். முன் கண்ணாடியில் ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிவிட்டு அதற்குள்ளால் எட்டிப் பார்த்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பொலிஸ் கண்டால் ரிக்கற்தான். கூரையில் உள்ள பனியையும் தள்ளிவிடுங்கள். கார் சூடேறினபின் நீங்கள் பிறேக் பிடிக்க, அது பாளமாய்ச் சறுக்கி உங்கள் கண்ணாடியையே மூடும். சுடுதண்ணீர் ஊற்றவேண்டாம், கண்ணாடி வெடிக்கும். வைப்பருக்கு ஊரில் பைப் தண்ணீர் ஊற்றின மாதிரி அங்கே ஊற்றினால் உறைந்துபோய் ராங்கியையும் உடைக்கும். கழித்தல் 40 என்று போட்ட வைப்பர்த் திரவம் வாங்குங்கள். அது நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணாடி உள்ளே புகார் பிடித்தால் ஹீற்றரோடு ஏ.சி.யையும் போடுங்கள், உள் காற்றையே சுற்றவிடுகிற பட்டனை நிறுத்திவிடுங்கள். குளிருக்குள் ஏ.சி.யா என்று அம்மாமார் சிரிப்பார்கள், ஆனால் ஈரத்தை உறிஞ்சுகிறது அதுதான்.

அம்மாமார் என்றதும் இன்னொன்று. குளிரும் என்று பிள்ளைக்குப் பஞ்சு ஜக்கெற் போட்டு அதற்கு மேலாலேயே கார் சீற் பெல்ற்றை இறுக்குவார்கள். மோதும்போது பஞ்சு அமுங்கும், பெல்ற் தொளதொளக்கும், பிள்ளை அதற்குள்ளால் வந்துவிடும். ஜக்கெற்றைக் கழற்றி, பெல்ற்றை இறுக்கி, மேலாலே போர்வையைப் போடுங்கள்.

பனிக்குள் புதைந்துவிட்டால் சில்லைச் சுழற்றிக் குழி தோண்டவேண்டாம். சவளால் சில்லைச் சுற்றி வெட்டி, பூனைக் கழிவுக்குப் போடுகிற மணலோ சாதாரண மணலோ போட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைத்து எடுக்கலாம். வழியில் மாட்டி, சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இருப்பதென்றால், முதலில் இறங்கிப் போய்ப் புகைக்குழாய் பனியால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்டால் காபன் மொனொக்சைட் உள்ளே வரும். மணமில்லை, நிறமில்லை, நித்திரை மாதிரித்தான் வரும். மூடின கராஜுக்குள் காரைச் சூடாக்குவதும் இதே ஆபத்து. பெற்றோலை அரை ராங்கிக்குக் கீழே விடாதீர்கள். போர்வை, ரோச், சவள், பூஸ்ரர் வயர் பின்பெட்டியில் கிடக்கட்டும்.

பரி (Barrie) நகரத்தில் வேலை கிடைத்த தம்பி கேட்டது: 400ஆம் ஹைவேயில் திடீரென்று ஒன்றும் தெரியாமல் வெள்ளையாகிவிட்டால்? அந்தப் பக்கம் ஏரியிலிருந்து வருகிற பனிச்சூறை அப்படித்தான், ஐந்து நிமிஷத்தில் வரும். ஹை பீம் போடாதே தம்பி, வெளிச்சம் திரும்ப உன் கண்ணுக்கே அடிக்கும். லோ பீமைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, அடுத்த எக்சிற்றில் இறங்கு. ஓடுகிற லேனில் மட்டும் நிற்பாட்டாதே. வெளிக்கிட முன்னம் 511 என்கிற றோட்டுத் தகவல் சேவையில் றோட்டு நிலைமை பார். நீல விளக்கு மின்னிக்கொண்டு பனி தள்ளுகிற பிளோ வண்டிகள் படிக்கட்டு மாதிரி வரிசையாய்ப் போனால் பின்னாலேயே போ. அவைக்குப் பின்னால்தான் வடிவான றோட்டு, முந்தி என்ன காணப்போகிறாய்?

எஸ்.யூ.வி. வாங்கினால் பயமில்லைத்தானே என்று வின்னிபெக்கிலிருந்து ஒரு தங்கச்சி. நாலு சில்லும் இழுக்கிறது கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. அங்கே முதலில் பார்க்கவேண்டியது பிளொக் ஹீற்றர், எஞ்சினைச் சூடாய் வைக்கிற சின்ன மின்சார ஹீற்றர். இரவில் பிளக்கில் கொழுவாவிட்டால் கழித்தல் 30இல் விடிய எஞ்சின் கிளம்பாமல் போகலாம். கொழும்பில் நிசான் லீஃப் என்கிற மின்சாரக் கார் ஓட்டின அண்ணைக்கு: குளிரில் பற்றரி தருகிற தூரம் நன்றாய்க் குறையும், சார்ஜரில் இருக்கும்போதே காருக்குள் சூடேற்றிவிட்டு வெளிக்கிடுங்கள்.

இன்னும் கொழும்பில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. ஒன்ராறியோவில் குடியேறி 60 நாள் வரைதான் இலங்கை லைசன்ஸோடு ஓட்டலாம், பிறகு எழுத்துப் பரீட்சை, றோட்டுப் பரீட்சை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டின அனுபவத்தை உறுதிப்படுத்தின கடிதத்தோடு காட்டினால் நேரே 'ஜி' என்கிற முழு லைசன்ஸ் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் படிப்படியாய்க் காத்திருக்கவேணும். அங்கே போய் இருந்துகொண்டு அம்மாவையும் அப்பாவையும் வேரஹெரவுக்கு அலைக்கழிக்காமல், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தக் கடிதத்தை வெளிக்கிட முன்னமே எடுங்கள். கடிதம் பழசானால் ஏற்கமாட்டார்கள், அதனால் பயணத்துக்குக் கிட்டடியில் எடுப்பது நல்லது.