அப்பாவின் அரை கிரவுண்டு: சென்னையில் வீட்டு விலை சம்பளத்தை மிஞ்சிவிட்டதா?

ஏரிக்கரையான்:
என் தந்தை அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 1994-ல் மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை வாங்க, அவருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் போதுமானதாக இருந்தது. அவரைவிடப் பல படி மேலான வேலையில் இருக்கும் நான், அதே தெருவில் 700 சதுர அடி அடுக்ககம் வாங்க, ஒன்பது ஆண்டுச் சம்பளத்தைச் செலவழிக்காமல் அப்படியே எடுத்து வைக்க வேண்டும்.

கணக்கன்:
நீங்கள் ஒப்பிடுவது ஒரே ஊரை அன்று. மடிப்பாக்கம் மாநகராட்சியோடு இணைந்ததே 2011-ல்தான். உங்கள் தந்தை வாங்கியது தண்ணீர் லாரியையும் மழைக்கால முழங்கால் நீரையும் சேர்த்துத்தான். இன்று அதற்கு நிகர் கூடுவாஞ்சேரிக்கு அப்பால் இருக்கிறது. மேலும், 14 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுக் கடனுக்கு அன்று லட்சத்துக்கு மாதத் தவணை 1,332 ரூபாய், 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டு என்றால் 868 ரூபாய்தான். விலையைச் சொல்பவர் தவணையையும் சொல்ல வேண்டும்.

ஏரிக்கரையான்:
உங்கள் கணக்கே எனக்குச் சாட்சி. மாதம் 1,332 ரூபாய் கட்ட முடிந்தவருக்கு அன்று ஒரு லட்சம் கடன் கிடைத்தது. இன்று ஒன்றரை லட்சம் கிடைக்கிறது. கூடுதலாகக் கிடைத்த அந்த அரை லட்சத்தை விற்பவர் விலையில் ஏற்றிக்கொண்டார். என் தந்தை ஒற்றைச் சம்பளத்தில் வாங்கினார். நானோ மனைவியின் சம்பளச் சீட்டையும் சேர்த்து நீட்டினால்தான் வங்கி பேசவே தொடங்குகிறது.

தெற்கு மாடவீதி:
இருவரும் முன்பணத்தை மறந்துவிட்டீர்கள். 50 லட்சம் ரூபாய்த் தனி வீட்டுக்கு வங்கி 80 விழுக்காட்டுக்கு மேல் தராது. ஆக, 10 லட்சம் கையில் வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 விழுக்காட்டுக்கு இன்னொரு நாலரை லட்சம். அதற்குக் கடனும் கிடையாது. தவணை கட்டும் தெம்பு உள்ளவரும் இந்த பதினான்கரை லட்சத்தில்தான் இடறி விழுகிறார். இதற்கிடையில், 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. (என் எதிர் அடுக்ககத்தில் நான்கு வீடுகளில் இன்றும் விளக்கு எரிவதில்லை.)

கணக்கன்:
முன்பணத்தைப் பற்றி அவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால், 50 லட்ச வீடு மாதம் 12,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும்போது, அதாவது ஆண்டுக்கு மூன்று விழுக்காட்டுக்கும் குறைவாகக் கிடைக்கும்போது, எட்டரை விழுக்காட்டுக்குக் கடன் வாங்கியே தீர வேண்டும் என்று யார் கட்டாயப்படுத்தினார்கள்?

ஏரிக்கரையான்:
பதினோரு மாத ஒப்பந்தம்தான் கட்டாயப்படுத்துகிறது, ஐயா. ஆறு ஆண்டுகளில் மூன்று வீடு மாறினோம். மகள் இரண்டு பள்ளி மாறினாள். உங்கள் மூன்று விழுக்காட்டில் அந்தச் செலவை எங்கே எழுதுவீர்கள்?