வெளி மென்பொருள் உலாவிக்குள் நிரலை நுழைப்பதைத் தடுப்பது எப்படி?

வினா

வணக்கம். விண்டோஸ் 11 கணினியில் ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துகிறேன். அண்மைக் காலமாகத் திறந்திருக்கும் தாவல்கள் திடீர் திடீரென்று முடங்கிவிடுகின்றன. நீட்சிகள் அனைத்தையும் நிறுத்திப் பார்த்தேன். புதிய சுயவிவரத்திலும் அதே நிலைதான். பிறகு, இயங்கும் நிரல்களுக்குள் என்னென்ன ஏறியுள்ளன என்று காட்டும் புராசஸ் எக்ஸ்ப்ளோரர் கருவியில் பார்த்தபோது, ஒரு திரைப்பதிவு மென்பொருளின் டிஎல்எல் கோப்பும் (பிற நிரல்கள் தமக்குள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) வைரஸ் தடுப்பு மென்பொருளின் டிஎல்எல் கோப்பும் ஃபயர்பாக்ஸுக்குள் ஏறியிருப்பது தெரிந்தது. இரு மென்பொருள்களும் எனக்குத் தேவை. அவற்றை நீக்காமல், உலாவிக்குள் நுழைவதை மட்டும் தடுக்க முடியுமா? விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புகளில் உள்ள ‘கோட் இன்டெக்ரிட்டி கார்ட்’ என்பதை ஃபயர்பாக்ஸுக்கு இயக்கினால் போதுமா?

மறுமொழி 1

அதை இயக்க வேண்டாம். அந்த அமைப்பு மைக்ரோசாஃப்டின் மின்கையொப்பம் (கோப்பை வெளியிட்டவர் யார் என்பதற்கான சான்று) உள்ள கோப்புகளை மட்டுமே ஏற்றவிடும். ஃபயர்பாக்ஸின் சொந்த டிஎல்எல் கோப்புகளில் இருப்பது மொசில்லாவின் கையொப்பம் என்பதால், வெளியாரோடு சேர்த்து உலாவியையும் அது தடுத்துவிடும்.

நீட்சிகளை நிறுத்தியும் பயன் கிடைக்காததில் வியப்பில்லை. நீட்சி என்பது உலாவி வகுத்த அனுமதிகளுக்குள் இயங்குவது. இவ்வாறு நுழையும் டிஎல்எல் கோப்போ உலாவியின் நினைவகத்திலேயே, உலாவிக்குள்ள அதே உரிமைகளுடன் இயங்குவதால், அதில் உள்ள ஒரு சிறு பிழையும் உலாவியின் பிழையாகவே வெளிப்படும். திரைப்பதிவு மென்பொருள்கள் பெரும்பாலும் வரைகலைச் செயற்கூறுகளை இடைமறிப்பதற்காகவே நுழைகின்றன என்பதால், என் முதல் ஐயம் அதன்மீதுதான்.

ஃபயர்பாக்ஸிலேயே இதற்கு வழி இருக்கிறது. முகவரிப் பட்டையில் ‘அபவுட்:தேர்ட்-பார்ட்டி’ (about:third-party) என்பதை ஆங்கில எழுத்துகளில் இட்டுத் திறந்தால், உள்ளே வந்த வெளிக் கோப்புகளின் பட்டியலும், ஒவ்வொன்றின் கையொப்பமும், அதனால் நேர்ந்த முடக்கங்கள் பற்றிய குறிப்பும் கிடைக்கும். 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பிலிருந்து, அங்கேயே ஒரு கோப்பைத் தேர்ந்து தடுக்கவும் முடிகிறது. ஒரே நேரத்தில் இரண்டையும் தடுத்துவிடாதீர்கள். எது காரணம் என்பது பிறகு தெரியாமலே போய்விடும். தடுத்தபின் உலாவியை மறுதொடக்கம் செய்வது கட்டாயம்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விண்டோஸின் ‘எக்ஸ்ப்ளாயிட் புரொடெக்‌ஷன்’ பகுதியில், குறிப்பிட்ட நிரலுக்கு ‘எக்ஸ்டென்ஷன் பாயின்ட்ஸ்’ என்பதை முடக்கும் தெரிவும் உண்டு. இது ஆப்இனிட் டிஎல்எல் (நிரல்கள் தொடங்கும்போதே விண்டோஸ் அவற்றுள் ஏற்றும் கோப்பு), சாளரக் கொக்கிகள் (பிற நிரல்களின் சாளர நிகழ்வுகளை இடைமறிக்கும் வழி) போன்ற பழைய நுழைவழிகளை மூடும். ஆனால் பழைய வகை மொழி உள்ளீட்டுக் கருவிகளும் அதே வழியாகத்தான் வருகின்றன; ஆகவே தட்டச்சு நின்றுபோனால் முதலில் இந்தத் தெரிவைச் சோதியுங்கள்.

குரோம் பயன்படுத்துவோருக்கு: 2018இல் வெளியான 68ஆம் பதிப்பிலிருந்து அந்த உலாவி வெளி நிரல்கள் நுழைவதைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட நிரல்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கான அணுகல் கருவிகளுக்கும், உள்ளீட்டுக் கருவிகளுக்கும் விலக்கு உண்டு. நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரியில் (கணினிகளை மையமாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) இணைந்த கணினிகளில் மட்டும் இந்தத் தடுப்பு செயல்படாது. அலுவலகக் கணினியில் வேறு விதமாக நடந்தால் குழம்ப வேண்டாம்.

வினவியவர்

திரைப்பதிவுக் கோப்பைத் தடுத்தபின் தாவல்கள் முடங்கவில்லை. பதிவும் வழக்கம்போல் நடக்கிறது. வைரஸ் தடுப்புக் கோப்பின் பெயருக்கு அருகில் முடக்கம் எதுவும் குறிக்கப்படவில்லை. அதையும் தடுத்துவிடலாமா?

மறுமொழி 1

முடக்கம் பதிவாகவில்லையெனில் விட்டுவிடுவதே என் பரிந்துரை. நிர்வாகி உரிமையோடும் கெர்னல் இயக்கியோடும் (இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே இயங்கும் நிரல்) இயங்கும் ஒரு மென்பொருளை உலாவியால் முழுமையாக வெளியே நிறுத்த முடியாது. நீங்கள் ஒரு கோப்பைத் தடுத்தாலும் அது வேறு வழியில் நுழைய முயலலாம், அந்த இழுபறியே புதிய முடக்கங்களுக்குக் காரணமாகலாம். நுழைவே பிடிக்கவில்லையென்றால், அந்த மென்பொருளின் சொந்த அமைப்புகளில் ‘இணையப் பாதுகாப்பு’ அல்லது ‘வங்கிப் பாதுகாப்பு’ போன்ற பிரிவை அணைத்துவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, அதே பட்டியலை மீண்டும் பாருங்கள். கோப்பு சோதனைக்கு இது தடையாகாது. அணைத்தபின்னும் அந்தக் கோப்பு பட்டியலில் தெரிந்தால் அதன் கோப்புப் பெயரையும் பதிப்பையும் இங்கே எழுதுங்கள்.