யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் முன் சக்கர பேரிங் வர மாட்டேன் என்கிறது, கேஸ் தீ வைத்துச் சூடாக்கலாமா?

டூ ஸ்ட்ரோக் பித்தன்:
வண்டி 1993 மாடல். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கிறது, கழற்றி பேரிங்கில் விரலை விட்டுச் சுற்றினால் நறநற என்கிறது. ஆயில் சீல் எடுத்தாகிவிட்டது. ஒரு பக்கத்திலிருந்து கம்பியை விட்டு எதிர்ப்பக்க பேரிங்கைத் தட்டலாம் என்று பார்த்தால், இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற ஸ்பேசர் குழாய் பேரிங்கின் உள் வளையத்தை முழுக்க மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, கம்பி நுனிக்குப் பிடிமானமே இல்லை. குழாயும் அசையவில்லை. தெரிந்த மெக்கானிக் கேஸ் வைத்துச் சூடு பண்ணலாம் என்கிறார். ஹப் (பேரிங் உட்காருகிற சக்கர நடுப்பகுதி) அலுமினியம் ஆயிற்றே, பயமாக இருக்கிறது. பேரிங்கைக் கவ்வி இழுக்கிற புல்லர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

லேத் பட்டறை:
கேஸ் வேண்டவே வேண்டாம் தம்பி. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு முன் இரும்பு மாதிரி சிவந்து காட்டிக்கொடுக்காது. உங்களுக்குத் தேவை 100 டிகிரிதான். பழைய துணியை ஹப்பில் சுற்றிக் கொதிக்கிற தண்ணீரை நிதானமாக ஊற்றுங்கள், ஹீட் கன் இருந்தால் இன்னும் நல்லது. இரும்பைவிட அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். பேரிங் உட்காருகிற 37 மி.மீ. துளை 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.07 மி.மீ. பெரிதாகும், பேரிங்கும் கூடவே சூடானால்கூட அதில் பாதி மிஞ்சும். பேரிங் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த அளவு இறுக்கத்தில்தான்.

சூடு ஆறுவதற்குள் நீளமான ஸ்குரூடிரைவரை விட்டு ஸ்பேசரை ஒரு பக்கமாக நெம்புங்கள். காய்ந்த கிரீஸ்தான் பெரும்பாலும் பிடித்திருக்கும். 2 மி.மீ. விலகினால் போதும், உள் வளையத்தின் விளிம்பு தெரிந்துவிடும். கம்பி நுனி மழுங்கியிருந்தால் வழுக்கும், கிரைண்டரில் சதுரமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் அடிக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றித் தட்டுங்கள், பேரிங் சாய்ந்து வந்தால் ஹப்பைக் கீறிவிடும்.

ராயல்_ரிப்பேர்:
அண்ணன் சொன்னதே சரி. ஸ்பேசர் அசையவே இல்லை என்றால்கூட புல்லருக்குச் செலவு பண்ண வேண்டாம், ஹார்டுவேர் கடையில் ஆங்கர் போல்ட் வாங்குங்கள், சுவரில் ஏசி மாட்டுகிற அதே போல்ட்தான். உள் வளையத் துளைக்குள் லேசாக நுழைகிற அளவு பார்த்து, கூம்பு முனை உள்ளே போகிற மாதிரி வெளியிலிருந்து விட்டு நட்டை முறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ஸ்லீவ் விரிந்து கவ்விக்கொள்ளும். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியை விட்டு அந்தக் கூம்பில் அடித்தால் பேரிங்கோடு வெளியே வரும்.

டூ ஸ்ட்ரோக் பித்தன்:
வெந்நீரிலேயே ஸ்பேசர் விலகிவிட்டது, நன்றி அண்ணா! பிரேக் பக்க பேரிங் முழுதாக வந்தது. மற்றது அழுகிப்போயிருந்ததால் உள் வளையமும் குண்டுகளும் மட்டும் கையில் வந்தன, வெளி வளையம் ஹப்பிலேயே நிற்கிறது. அதை எப்படி எடுப்பது?

லேத் பட்டறை:
இப்போது வெல்டரிடம் போகலாம், ஆனால் கேஸ் இல்லை, கரண்டில் செய்கிற ஆர்க் வெல்டிங். குண்டு ஓடுகிற பள்ளத்தைச் சுற்றி ஒரு சுற்று வெல்டிங் ஓட்டச் சொல்லுங்கள். ஆறும்போது வளையம் சுருங்கி, சக்கரத்தைக் கவிழ்த்தால் தானாகவே விழும். பொறி தெறித்து டயரும் பிரேக் டிரம்மும் பாழாகாமல் ஈரத்துணி போட்டு மூடிவிடுங்கள்.

பழைய பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள், உள் வளையத்தில் வாங்கிய அடியெல்லாம் குண்டு வழியாகத்தான் போயிருக்கும், பாதையில் தழும்பு விழுந்திருக்கும். அதன் மேல் பொறித்த எண்ணைக் கடையில் காட்டினால் போதும். உதாரணத்துக்கு 6301 என்றால் உள்ளே 12, வெளியே 37, அகலம் 12 மி.மீ. 2ஆர்எஸ் என்று கேளுங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கும், மழைக்கு அதுதான் தாங்கும்.

ராயல்_ரிப்பேர்:
மாட்டும்போது புது பேரிங்கை ராத்திரி ஃபிரீசரில் போட்டு வையுங்கள், ஹப்பைச் சூடு பண்ணுங்கள், அடி வெளி வளையத்தில் மட்டும். முதல் பேரிங் தரைதட்டியதும் ஸ்பேசரைப் போட மறக்காதீர்கள். இரண்டாவதை ஸ்பேசரைத் தொடுகிற வரைக்கும் மட்டும் இறக்குங்கள், அதற்கு மேல் ஓர் அடியும் வேண்டாம். ஸ்பேசர் இல்லாமல் ஆக்சில் நட்டை இறுக்கினால் இரண்டு உள் வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நசுங்கி, புது பேரிங் சீக்கிரமே சத்தம் போட ஆரம்பித்துவிடும். ஆக்சிலை விட்டுக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு சீல் அடியுங்கள்.