திருச்சி–சென்னை டிக்கெட் விலை: இண்டிகோவின் திறமையா, ஏகபோகமா?

கல்லணைக்காரன்:
பொங்கல் நெருங்கினால் திருச்சி–சென்னை டிக்கெட் விலையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நாட்டில் உள்நாட்டு விமானப் பயணிகள் நூறு பேரில் அறுபதுக்கும் மேல் இண்டிகோவில்தான் போகிறார்கள். எதிர்க்கடை இல்லாவிட்டால் வைத்ததுதானே விலை?

மன்னை மைந்தன்:
அந்த இடத்தை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை அண்ணே. முதல் விமானம் பறந்தது 2006-ல். அதற்கு முந்தைய வருடமே 100 ஏர்பஸ் ஏ320க்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி. விமானம் கைக்கு வந்ததும் குத்தகை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. சில வருடம் கழித்து, பெரிய பராமரிப்புச் செலவு வருமுன் திருப்பிக் கொடுத்துவிடுவது. கிங்ஃபிஷர் சொகுசு என்று வந்தது, ஏர் டெக்கானை வாங்கி மலிவு டிக்கெட்டும் விற்றது, இரண்டுங்கெட்டானாகி 2012-ல் படுத்துவிட்டது.

குடந்தைவாசி:
நம் சென்னை பாரமவுண்ட் ஏர்வேஸை மறந்துவிட்டீர்களே! அப்போது 80 இருக்கைக்குக் குறைவான விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது, 40 டன்னுக்குக் குறைந்தால் எரிபொருளுக்கு 4% வரிதான். இந்தச் சலுகையைப் பிடித்து, சின்ன எம்ப்ரேயர் விமானத்தில் எல்லா இருக்கையையும் பிசினஸ் கிளாஸ் ஆக்கினார்கள். நல்ல மூளை. ஆனால் குத்தகைத் தகராறில் 2010-ல் நின்றுபோனது. குத்தகை எல்லோரையும் காப்பாற்றாது.

அப்புறம், எங்களுக்குத் திருச்சி ஏர்போர்ட் போகவே இரண்டு மணி நேரம். ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. உண்மையான எதிர்க்கடை ரயில்தான்.

கல்லணைக்காரன்:
சரி, பண்டிகைக்கு உழவனில் இடம் கிடைக்குமா? வெயிட்டிங் லிஸ்ட் நீண்ட பிறகுதானே விமான விலை ஏறுகிறது! போட்டி தேவைப்படும் நாளில் போட்டி இல்லை.

பட்டுக்கோட்டை பாய்:
சென்னையை விடுங்கள். திருச்சியின் காசு வெளிநாட்டு விமானத்தில் இருக்கிறது. வாசலில் நின்று பாருங்கள்: ஒரு ஆளை வழியனுப்ப வேன் நிறைய சொந்தம், கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் மார்க்கரால் பெயர், எடை கூடிவிட்டதென்று அங்கேயே பிரித்து அப்பளக் கட்டை வெளியே எடுக்கும் அம்மா. ஏர் ஏசியா இந்தியாவுக்கு முதலில் பறந்ததே 2008-ல் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குத்தான். மலேசியா, சிங்கப்பூருக்கு அந்த நாட்டு விமானங்களும் வருகின்றன. துபாய்க்கு? இரு நாட்டு ஒப்பந்தத்தில் திருச்சி இல்லாததால் எமிரேட்ஸ் இங்கே இறங்க முடியாது. இது கம்பெனி தந்திரமில்லை, டெல்லி போட்ட பூட்டு.

மன்னை மைந்தன்:
அதைத்தான் சொல்கிறேன் பாய். டெல்லியைக் கேட்க வேண்டியதற்கு இண்டிகோவை ஏன் திட்ட வேண்டும்?

கல்லணைக்காரன்:
தம்பி, இரண்டு பேரையும்தான் கேட்பேன். விமானிகளின் ஓய்வுநேர விதி மாறப்போவது முன்பே தெரியும். அதற்கேற்ற ஆள் பலம் இல்லாமல் 2025 டிசம்பரில் இண்டிகோக்காரர்கள் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தார்கள். அந்தக் கூட்டத்தை ஏற்ற மற்றவர்களிடம் விமானம் இல்லை. கடைசியில் 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்தான் என்று அரசே உச்சவரம்பு போட்டது. சிக்கனம் பிடித்தது அவர்கள், அலைந்தது ஜனங்கள்.

மன்னை மைந்தன்:
அதே உச்சவரம்பைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போடச் சொல்வீர்கள் போல. போட்டால், பண்டிகைக்குக் கூடுதல் விமானம் விட எவன் வருவான்?