மறுமொழி: லார்டு அட்வகேட் – 'வழக்குரைஞர் பிரபு' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தில் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியை 'லார்டு அட்வகேட்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பதவியில் இருந்த ஜார்ஜ் பாட்டன் பற்றிய கட்டுரைக்காகத்தானே இதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்? அவர் வாழ்க்கையிலேயே ஒவ்வொரு பரிந்துரையையும் உரசிப் பார்த்துவிடுவோம்.

> 'வழக்குரைஞர் பிரபு' என்றே வைக்கலாம். லார்டு என்றால் பிரபு என்பது பழகிப்போன சொல்.

பழகிப்போனதுதான் இங்கே சிக்கல். பிரபு என்றதும் வாசகர் பிரபுக்கள் அவைக்குப் போய்விடுவார். பாட்டன் பிரபு அல்லர். 1803இல் பிறந்த, ஸ்காட்லாந்தின் பெர்த்ஷையர்க்காரர். 1828இல் எடின்பரோவில் வழக்குரைஞர் ஆனார். 1866 ஜூனில் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் தொகுதியில் கன்சர்வேட்டிவ் வேட்பாளராக வென்று பொதுமக்கள் அவைக்குப் போனார். அடுத்த மாதமே பிரதமர் டெர்பி பிரபுவின் அரசு அவரை லார்டு அட்வகேட் ஆக்கியது. அந்தக் காலத்தில் இப்படி அரசுப் பதவி ஏற்றால் உறுப்பினர் இடம் காலியாகிவிடும், திரும்பவும் வாக்காளரிடம் போக வேண்டும். போனார், தோற்றார். 'வழக்குரைஞர் பிரபு பொதுமக்கள் அவை இடைத்தேர்தலில் தோற்றார்' என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு குழப்பம்! பிற்பாடு அவருக்கு வந்த 'லார்டு கிளெனாமண்ட்' என்ற பெயர்கூட நீதிபதி என்பதால் கிடைத்த பெயர்தான், பிரபுப் பட்டம் அன்று.

> இலங்கையில் வழங்கும் 'சட்டமா அதிபர்' போதாதா?

அட்டர்னி ஜெனரலுக்கு அருமையான சொல். ஆனால் இங்கிலாந்துக்குத் தனியாக ஓர் அட்டர்னி ஜெனரல் அதே அரசில் இருந்தாரே, இருவரும் ஒரே கட்டுரையில் வந்தால் என்ன செய்வது? அதைவிட முக்கியம், வேலையே வேறு. ஸ்காட்லாந்துக்கென்று 1885 வரை அரசில் தனிச் செயலர் (அமைச்சர்) கிடையாது. பொறுப்பு உள்துறை அமைச்சருடையது என்றாலும் நடைமுறையில் பெரும்பாலும் லார்டு அட்வகேட்தான் எல்லாம். பெரிய குற்ற வழக்குகள் அவர் பெயரில் நடக்கும், ஸ்காட்லாந்து மசோதாக்கள் அவர் கையில், நியமனங்களிலும் அவர் சொல் செல்லும். உயர்ந்த நீதிபதி இடம் காலியானால் அவருக்கே முன்னுரிமை என்ற வழக்கமும் இருந்தது. 1867இல் ஜான் இங்லிஸ் தலைமை நீதிபதியாக உயர, அவர் விட்ட இடத்தில் பாட்டன் போய் அமர்ந்தது இந்த வழியில்தான். வெறும் சட்ட ஆலோசகரைக் குறிக்கிற சொல்லில் இந்த அதிகாரம் அடங்காது.

என் பரிந்துரை: அரசவழக்கு நாயகம்.

சோழர் கல்வெட்டுகளில் 'திருமந்திர ஓலை நாயகம்' என்ற அதிகாரியைப் பார்க்கிறோம். ஒரு துறையை நடத்துபவர் என்ற பொருள் அங்கேயே இருக்கிறது. லார்டு அட்வகேட்டின் பழைய பெயரும் 'அரசரின் வழக்குரைஞர்'தான். இன்னொரு வசதி, நாயகத்துக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது. 2006இல் எலிஷ் ஆஞ்சியோலினி முதல் பெண்ணாக இப்பதவிக்கு வந்தார். அவருக்கும் அப்படியே பொருந்தும்.

> நாயகம் என்றால் நபிகள் நாயகம், ஜனநாயகம்தான் நினைவுக்கு வரும்.

முன்னால் 'அரசவழக்கு' இருக்கும்போது யாரும் தடுமாற மாட்டார்கள். இலங்கையில் சொலிசிட்டர் ஜெனரலை 'மன்றாடியார் நாயகம்' என்று எழுதிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? ஸ்காட்லாந்தில் அந்தப் பதவி லார்டு அட்வகேட்டுக்கு அடுத்த படி என்பதால் 'அரசவழக்குத் துணை நாயகம்' என்று வைத்தால் படிநிலையும் தெரியும். பாட்டன் 1859இல் கொஞ்ச காலம் அதில் இருந்தவர்.

அப்புறம், கட்டுரை எழுதுபவருக்கு ஒரு வேண்டுகோள். பாட்டன் போட்டியிட்ட பிரிட்ஜ்வாட்டரின் லஞ்ச விவகாரத்தை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். 1869இல் அந்தத் தொகுதியின் தேர்தல் ஊழலை விசாரிக்க ஆணையம் அமர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பாட்டன் தற்கொலை செய்துகொண்டார். 1870இல் அந்த ஊர் தனித் தொகுதி என்ற உரிமையையே இழந்தது. ஒரு நாட்டின் குற்ற வழக்குகளுக்கே பொறுப்பாயிருந்தவர் என்பது சொல்லிலேயே தெரிந்தால்தான் இதன் கனம் வாசகருக்குப் புரியும்.

அவருடைய கடைசிப் பதவி 'லார்டு ஜஸ்டிஸ் கிளார்க்'. வரைவில் 'நீதி எழுத்தர்' என்று இருக்கிறது, அதை உடனே மாற்ற வேண்டும். அது ஸ்காட்லாந்தின் இரண்டாவது பெரிய நீதிபதி பதவி. இப்போதைக்கு 'இரண்டாம் தலைமை நீதிபதி' என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.