செம்மறிக் குளம்பழுகல்: பிசிஆரில் 280 மூலச்சோடிக்கு அருகில் விழும் பட்டை பி வகையா, ஜி வகையா?

கேள்வி (ஆய்வு மாணவி, கண்டி)

வணக்கம். நுவரெலியாவை அண்டிய தோட்டமொன்றில், லயத்துக்குப் பின்னால் ஒருவர் வளர்க்கும் பதினொரு செம்மறிகளில் நான்கு நொண்டுகின்றன. குளம்பின் ஓடு அடித்தோலை விட்டுக் கழன்று, இடுக்கில் சாம்பல் நிறப் பசை கடும் நாற்றத்துடன் ஒட்டியிருக்கிறது. அதிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் செய்த 16எஸ் பிசிஆரில் (கிருமியின் டீஎன்ஏ துண்டைப் பெருக்கி இனங்காணும் சோதனை) நான்குமே டைக்கெலோபாக்டர் நோடோசஸ், அதாவது குளம்பழுகலை உண்டாக்கும் பற்றீரியா, என்று உறுதியாயின.

அடுத்த படியில்தான் சிக்கல். ஃபிம்-ஏ மரபணுவைக் கொண்டு இக்கிருமியின் குருதிநீர் வகை (எதிர்ப்புப் பொருள்கள் வேறுபடுத்தும் உட்பிரிவு) காண்பதற்காக, பொது முன் பிரைமருடன் (பெருக்கத்தைத் தொடக்கும் சிறு டீஎன்ஏ இழை) ஏ முதல் ஐ வரையான ஒன்பது பின் பிரைமர்களையும், செலவு குறையுமென்று எண்ணி, ஒரே குழாயில் சேர்த்துவிட்டேன். டீஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரிக்கும் 2% அகரோஸ் ஜெல்லில் நான்கிலும் 300 மூலச்சோடிக்கு (டீஎன்ஏ நீளத்தின் அலகு) சற்றுக் கீழே ஒரு பட்டை விழுந்தது. நான்காவதில் 360 அளவில் இன்னொன்றும் தெரிகிறது. பி வகைக்கு 283 மூலச்சோடி, ஜி வகைக்கு 279. எதை எழுதுவது? இரட்டைப் பட்டை மாசினால் வந்ததா?

பதில் (ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்)

தங்கச்சி, நான்கு மூலச்சோடி வித்தியாசத்தை அந்த ஜெல் எவ்வளவு நேரம் ஓடினாலும் பிரித்துக் காட்டாது. சி 325, டி 319 என்பதிலும், ஏ 415, எச் 409 என்பதிலும் இதே இக்கட்டு உண்டு. ஆகவே ஏ-பி-சி, டி-ஈ-எஃப், ஜி-எச்-ஐ என்று மூன்று குழாய்களாகப் பிரியுங்கள். நெருங்கிய அளவுகள் வெவ்வேறு குழாய்களுக்குப் போய்விடும். டீஎன்ஏ சேர்க்காத குழாயொன்றையும் கட்டாயம் ஓட்டுங்கள். அது இல்லாமல் மாசு பற்றி எதுவும் சொல்ல இயலாது.

கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. நேற்று மூன்றாகப் பிரித்துச் செய்தேன். நான்கு மாதிரிகளும் முதற்குழாயில் பட்டை தந்தன, ஆகவே பி வகை. நான்காவது மட்டும் இரண்டாம் குழாயிலும் 363இல் பட்டை தந்தது, அது ஈ வகை. டீஎன்ஏ இல்லாத குழாய்கள் சுத்தமாக இருந்தன.

பதில் (மிருக வைத்தியர்)

அப்படியானால் அது மாசு அன்று. ஒரே காலில் இரண்டு வகைகள் இருப்பது இந்நோயில் வழமையானது. தடுப்பூசியின் பாதுகாப்பு பெரும்பாலும் அந்தந்த வகைக்குள் அடங்குவதாலும், பல வகைகளை ஒன்றாகக் கலந்தால் ஒவ்வொன்றுக்குமான எதிர்ப்பு குறைவதாலும், பி, ஈ என்று திட்டமாகத் தெரிந்தது பெரிய உதவி.

ஆனால் நோயின் கடுமையை இந்த வகை சொல்லாது. அதற்கு, அதே டீஎன்ஏயில் ஏபிஆர்-வி2, ஏபிஆர்-பி2 ஆகிய மரபணு வடிவங்களுள் எது இருக்கிறதென்று பாருங்கள். இவை ஆக்கும் புரதச்சிதைப்பு நொதியங்கள் 92ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலத்தால்தான் வேறுபடுகின்றன. கடும் வகைகளில் காணப்படுவது வி2.

முடிவு வரும்வரை அந்த நான்கையும் ஈரமில்லாத தனிக் கொட்டிலுக்கு மாற்றி, 10% நாகசல்பேற்றுக் கரைசலில் கால்களை நனைத்து நிறுத்தச் சொல்லுங்கள். 10 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இது பரவும். மலையகத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. மண்ணில் இக்கிருமி சுமார் இரண்டு வாரமே தாங்கும், குளம்புக்குள்ளோ நெடுநாள் ஒளிந்திருக்கும். ஆகவே நொண்டாத ஏழு ஆடுகளின் கால்களையும் தூக்கிப் பாருங்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா. மருந்துக் கரைசலில் நிறுத்துவதற்கு முன்பே அந்த ஏழிலும் மாதிரி எடுத்துவிடுகிறேன். ஏபிஆர் முடிவு கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.